ஆறு குண்டு அண்ணாச்சி

நாஞ்சில் நாட்டில் ஊருக்கு ஒரு ரிவால்வர் அண்ணாச்சி உண்டு. அவரிடம் ரிவால்வர் இருக்காது. அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். உண்மையிலேயே வைத்திருப்பவர்கள் வேறு ரகம். அவர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பூதப்பாண்டியில் இருப்பவருக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. தக்கலைக்காரர் சீட்டு நடத்தி, பெயர் கெடும் முன் நிறுத்திக்கொண்டவர். தேரூர்ப் பக்கத்து அண்ணாச்சி கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நின்று, எதிராளி வீட்டுப் பழப்பிரதமனைக் குடித்துவிட்டு வாபஸ் வாங்கியவர். தொழில் எதுவானாலும் லட்சணம் ஒன்றுதான்: வயது ஐம்பத்தைந்துக்கு மேல், சலவை வேட்டி, கனமான வெள்ளிக் காப்பு, சாயாக்கடையில் சுவரோரம் முதுகு கொடுத்து வாசலைப் பார்த்த இருக்கை. முதுகுப் பக்கம் வாசல் இருந்தால் அவருக்குச் சாயா இறங்காது. இத்தனை பேரையும் தனித்தனியாக எழுதினால் மானநஷ்ட வழக்கு வரும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் எங்கள் மாவட்டம் யாருக்கும் இளைத்ததல்ல. ஆகவே எல்லாரையும் ஒன்றாய்ப் பிசைந்து ஒரே அண்ணாச்சியாக உருட்டிக்கொள்கிறேன்.

"மக்கா, நல்ல கண்டிசன்ல ஒரு ரிவால்வர் கெடச்சா சொல்லும். ஒரு கை மாறினதா இருக்கட்டும். இருபத்தஞ்சுக்குள்ள முடியணும்."

இருபத்தைந்து என்றால் இருபத்தைந்தாயிரம். அதிலும் பாதி இப்போது, மீதி சீட்டு விழுந்த பிறகு. அண்ணாச்சி ஆயுளில் எதையும் புதிதாக வாங்கியதில்லை. புல்லட் செகண்ட் ஹேண்ட். பிரிட்ஜ் துபாயிலிருந்து திரும்பியவன் தள்ளிவிட்டது. அம்பாசிடர் ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்தது. முன்வாசல் தேக்குக் கதவுகூட இடித்த வீட்டில் எடுத்ததுதான். பழசு வாங்கும் பாஷை அவர் நாக்கில் படிந்துவிட்டது. ஆகவே ரிவால்வரையும் அந்தப் பாஷையிலேயே விசாரிப்பார். "பேப்பர் கிளியரா?" "ஓனர் எங்கண உள்ள ஆளு?" ஒருமுறை, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், "எத்தன குண்டு ஓடியிருக்கும்?" என்று கேட்டார்.

இன்னும் வாங்காத ரிவால்வருக்கு உறை வாங்கியாயிற்று. நல்ல மாட்டுத்தோல், பித்தளைப் பொத்தான், இடுப்பு வாரோடு. அளவு தெரியாமல் எப்படித் தைத்தான் என்று கேட்டேன். "பாயிண்ட் தேர்ட்டி டூன்னு சொன்னேன். அவன் வெறுங்கையால காத்துல அளவு காட்டினான். செரின்னேன்." தற்சமயம் அதற்குள் மூக்குக் கண்ணாடிக் கூடும் பாக்குவெட்டியும் இருக்கின்றன. சபையில் அண்ணாச்சி வலது கையை மெதுவாக இடுப்புக்குக் கொண்டுபோய், பொத்தானைப் பட்டென்று திறந்து, வெற்றிலைக்குப் பாக்கு நறுக்கும் அழகைக் காண்பதற்கே இரண்டு பேர் வருவார்கள்.

அவரைச் சும்மா வாய்ச்சவடால் என்று நினைத்துவிட வேண்டாம். படிப்பாளி. 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தை அவர் அளவுக்குப் படித்த வக்கீல் நாகர்கோவில் கோர்ட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. யாராவது வாஞ்சிநாதனின் ரிவால்வர் என்று சொல்லிவிட்டால் போதும், சாயா ஆறிப்போகும். "என்னவே சொல்லுகீரு? மணியாச்சியில 1911 ஜூன் 17ஆம் தேதி ஆஷ் தொரயச் சுட்டது பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங். அது பிஸ்டல். ரிவால்வர்னா குண்டு உருளையில சுத்தி வரணும். அப்பம் செங்கோட்டை யாருக்க கையில? திருவிதாங்கூர்க்க கையில. வாஞ்சி திருவிதாங்கூர்ல காட்டிலாகா சோலிக்காரன். நம்ம ஆளு வே!" 1956 நவம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில்தான் செங்கோட்டையும் நாங்களும் தமிழ்நாட்டுக்கு வந்தோம். அந்த உறவை வைத்து அண்ணாச்சி மணியாச்சி வரை பங்கு கேட்பார்.

1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கு என்றால் தனி அமர்வு. குண்டு பழசு, அதனால்தான் கழுத்தில் பட்டும் உயிர் தப்பியது என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு. "தோக்கு செகண்ட் ஹேண்டா இருக்கலாம் மக்கா, குண்டு செகண்ட் ஹேண்டா இருக்கக் கூடாது." இதை அவர் ஒரு பட்ஜெட் ஆலோசனையாகத்தான் சொன்னார்.

வம்சப் பெருமையும் உண்டு. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்று, அவர்களுடைய அதிகாரி டிலனாய் பிடிபட்டார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அவரையே தம் படைக்குப் பயிற்சியாளராக்கினார். பிறகு அவர் வலிய கப்பித்தானாகி, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கிறார். அந்தக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள். இவ்வளவும் சரித்திரம். வார்த்தவர்களில் ஒருவர் தம்முடைய பாட்டாவுக்குப் பாட்டா என்பது அண்ணாச்சி சேர்த்துக்கொண்டது. அந்த ரத்தத்துக்கு இருபத்தைந்தாயிரத்தில் ஒரு ரிவால்வர் வாய்க்கவில்லையே என்பதுதான் அவருடைய ஆற்றாமை.

வாய்க்காததற்குக் காரணம் விலை. இந்தியாவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே தனியாருக்கு ஏறக்குறைய நின்றுபோயிற்று. பர்மிங்ஹாமில் செய்த பழைய வெப்ளி ஸ்காட், அமெரிக்காவின் ஸ்மித் வெசன் என்று அதற்கு முன் வந்திறங்கியவை எவையோ, அவைதான் கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. புதிதாக வரத்து இல்லை, ஆசைப்படுகிறவன் குறையவில்லை. ஆகவே தாத்தா காலத்து 0.32 ரிவால்வருக்கு லட்சங்களில் பேச்சு நடக்கும். புதிது வேண்டுமென்றால் கான்பூர் அரசுத் தொழிற்சாலைச் சரக்கு, ஆறு குண்டு, அதுவும் இருபத்தைந்துக்குள் எங்கும் நிற்காது. திருவனந்தபுரத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அண்ணாச்சி ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் தொடவில்லை.

"புதுசவிட பழசு வெல கூடுதலாம் வே. இது எந்த ஊரு நியாயம்?"

அவருடைய புல்லட், பிரிட்ஜ், அம்பாசிடர் என்ற தத்துவமே அன்றைக்குத் தகர்ந்தது. மதினிதான் ஆற்றினாள். "அம்மைக்க வெண்கல உருளிய நீங்க வித்தப்பம் புதுப் பாத்திரத்தவிடக் கூடத்தானே தந்தான்?" அந்த உருளி விற்ற பணம்தான் இருபத்தைந்தில் எட்டு என்பது அப்போது மதினிக்குத் தெரியாது.

2014இல் கான்பூர்க்காரர்கள் 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வர் கொண்டுவந்தார்கள். 2012 டில்லிக் கொடுமைக்குப் பிறகு பெண்களின் பாதுகாப்புக்கென்று சொல்லி வந்தது. அரைக் கிலோ எடை, டைட்டானியம் கலவை, விலை 1,22,000 ரூபாய்க்குச் சற்று மேல். பெண்களுக்கானது என்று கேள்விப்பட்டதும் அண்ணாச்சிக்கு உள்ளூர நிம்மதி. விலையைக் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள ஒரு கௌரவமான வழி கிடைத்தது. "நமக்குச் செரிவராது. அது பொம்பளையளுக்குள்ளது." மதினி விடவில்லை. "அப்பம் எம்பேருக்கு லைசன்ஸ் எடுங்கோ. இந்த வீட்டுல ஆபத்து எனக்குத்தான் கூடுதல்."

விலை ஒருபுறம் கிடக்கட்டும், உரிமம் இல்லாமல் கையால் தொட முடியாது. தமிழ்நாட்டில் மாவட்டங்களில் அது கலெக்டர் கையில். மனு, போலீஸ் விசாரணை, டாக்டர் சான்று, பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்க வசதி. அண்ணாச்சிக்கு மிகப் பிடித்தது ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. விண்ணப்பித்தவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது அது. நாடாளுமன்றம் தம்மை நினைத்தே எழுதியதாக அவருக்கு எண்ணம். "ஏழைக்கும் தோக்கு வச்சுக்கிட உரிமை உண்டுன்னு எழுதி வச்சிருக்கான். ஆனா ஏழைக்கு வெலயில கழிவு உண்டுன்னு எழுதல்ல பாத்தேரா, அதுதான் குறை."

ஒருவரிடமிருந்து ஒருவர் நேரடியாக வாங்கவும் சட்டத்தில் வழி உண்டு. விற்பவர் கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் ஒட்டி 30 நாள்தான். எது அதிக ஆபத்தானது என்று அரசாங்கம் யோசித்துத்தான் இதைச் செய்ததா என்பதில் எனக்கும் அண்ணாச்சிக்கும் கருத்து வேறுபாடு.

மனுவில் 'காரணம்' என்று ஒரு இடம் வரும். அங்கேதான் அண்ணாச்சியின் வண்டி சேற்றில் இறங்கியது. முதலில் காட்டுப்பன்றி என்று எழுதினார். கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறைப் பக்கம் பன்றியும் யானையும் இறங்கி அழிமானம் செய்வது பொய்யில்லை. மரச்சீனி போட்டவன் கண்ணீர் விடுகிறான். ஆனால் எழுத்தர் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பன்னிய ரிவால்வரால சுடணும்னா நீரு அதுக்கப் பக்கத்துல போய் உக்காரணும் அண்ணாச்சி. பன்னி சம்மதிக்குமா?" பிறகு ரப்பர் ஷீட் விற்ற பணத்தைக் கொண்டுவருவதற்கு என்று மாற்றினார். பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போவதைப் பாஸ்புத்தகமே காட்டிக்கொடுத்தது. மிச்சம் இருந்தது உயிருக்கு ஆபத்து என்பது ஒன்றுதான். அதற்கு ஒரு எதிரி வேண்டும்.

எதிரி! பாவம், அண்ணாச்சியை விரும்பாதவர்கள் உண்டு, கொல்ல விரும்புகிறவர்கள் கிடையாது. எங்கள் பக்கம் தகராறு முற்றினால் சர்வேயரைக் கூப்பிடுவார்கள். அதற்கும் மேலே போனால் கோர்ட். வழக்கு பேரன் காலம் வரை நிற்கும். அவசரக்காரனுக்கு வெட்டுகத்தி இருக்கிறது. அண்ணாச்சிக்கு வாய்த்த ஒரே பகையாளி அவருடைய சொக்காரன்தான். இரண்டு பேர் விளையின் எல்லையில் சாய்ந்து நிற்கும் ஒரு தென்னைமரம், இரண்டு தலைமுறை வழக்கு. வருடத்துக்கு நூறு தேங்காய்கூடத் தேறாது. ஒரு நாள் அந்தி நேரத்தில் அண்ணாச்சி ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு அவன் வீட்டுப் படியேறினார். சாட்சிக்கு நான்.

"எனக்கு நீ ஒரு கொலமிரட்டல் விடணும்டே."

சொக்காரன் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எழுத்துல தந்தா கொள்ளாம். ரெண்டு வரி போதும். நான் வேணா சொல்லித் தாறேன், நீ எழுது."

"அண்ணே, எம் மவளுக்கு மாப்பிள பாத்துட்டிருக்கு. கொலகாரன் வீடுன்னு பேரு வந்தா எவன் படியேறுவான்?"

"அப்பம் வாயால சொல்லு. சாயாக்கடையில வச்சி, நாலு பேரு காதுல விழுக மாதிரி. உன்னத் தீத்துப்புடுவேன்னு ஒரு வார்த்த. பொறவு நான் பாத்துக்கிடுகேன்."

அவன் ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக யோசித்தான். "தென்ன மரத்த விட்டுத் தருவீரா?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டார். "மரம் நிக்கது எனக்க எல்லையில. எனக்க உயிரு போனாலும் தரமாட்டேன்."

"உயிரு போனாலும்னு நீருதான் சொல்லுகீரு. நான் சொல்லல்ல. இவரு சாட்சி."

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணாச்சி பேசவில்லை. எனக்கு அன்றுதான் ஆள் பிடிபட்டார். அவர் யாரையும் சுடப்போவதில்லை. வீட்டில் எலி செத்தாலே மதினிதான் எடுத்துப்போட வேண்டும். தன்னைக் கொல்ல நினைக்கிற அளவுக்கு ஒருத்தன் இந்தப் பூமியில் இருக்கிறான் என்று ஊர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். நிலம் குறைந்துகொண்டே வந்து, பிள்ளைகள் பெங்களூருக்கும் மஸ்கட்டுக்கும் போய், கோயில் கொடையில் முதல் மரியாதை வேறு யாருக்கோ நடக்கிற காலத்தில், ஒரு மனிதன் தன் கனத்தை இடுப்பிலாவது உணர ஆசைப்படுகிறான். அதற்குக் கான்பூர்க்காரன் லட்சத்துக்கு மேல் கேட்பது அநியாயம்தான்.

பிறகு அவர் துக்க வீடுகளில் தேட ஆரம்பித்தார். எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் அநேகம். உரிமத்தோடு துப்பாக்கி வைத்து வங்கிக் காவலுக்குப் போனவர்களும் உண்டு. அப்படி ஒருவர் காலமானால் ஆயுதம் வாரிசுக்கு வரும். வாரிசுக்கு உரிமம் இல்லையென்றால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும், அல்லது முறைப்படி விற்க வேண்டும். அடியந்திரப் பந்தியில் அண்ணாச்சி மூத்த மகனுக்குப் பக்கத்து இலையில் உட்காருவார். அவியல் வரும்வரை துக்கம். எரிசேரி வரும்போது, "அப்பா நெறய ரசனையுள்ள மனுசன்லா? வேற என்னமும் விட்டுட்டுப் போயிருக்காரா?" என்பார். ஒரு வீட்டில் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட்டுறவு வங்கியில ஒரு கடன் விட்டுட்டுப் போயிருக்காரு மாமா, பாக்கேளா?" என்று கேட்டான். அன்று பிரதமன் வரும்வரை அண்ணாச்சி இருக்கவில்லை.

மலிவாகவும் ஒருத்தன் வந்தான். பாறசாலைப் பக்கத்து ஆள், தாடி, மஞ்சள் பை. வடக்கே பீகாரில் முங்கேரிலிருந்து வந்த சரக்கு, இருபதாயிரம், பேரம் கிடையாது என்றான். சாமானைக் காட்டும் முன்பே அண்ணாச்சி முதல் கேள்வி கேட்டார்: "பில்லு உண்டா?" அவன் திகைத்துவிட்டான். இரண்டாவது கேள்வி: "வாரண்டி?" மூன்றாவதாக, உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் எத்தனை வருடம் உள்ளே என்று பிரிவு எண்ணோடு அவனுக்கு விளக்க ஆரம்பித்தார். அவன் சாயாவுக்குக் காசும் கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டான். இந்த விஷயத்தில் அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. சட்டத்தை மீறி ஒரு சுண்டெலிப் பொறிகூட வாங்க மாட்டார்.

மதினி ஒரு தீர்வு சொன்னாள். குறைந்த விசையுள்ள காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம், பணமும் இருபத்தைந்துக்குள் அடங்கும், வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்று. அண்ணாச்சி அவளைப் பார்த்த பார்வையில் உதயகிரிக் கோட்டையே இடிந்து விழுந்தது. "திருவிழாவுல பலூன் சுடவா?"

அவர் வாழ்வில் வசந்தம் தேர்தலோடுதான் வரும். தேர்தல் தேதி அறிவித்து நன்னடத்தை விதி நடைமுறைக்கு வந்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். வங்கிக் காவலர்கள் போன்றவர்களுக்கு விலக்கு. மற்றவர்கள் வரிசையில் நின்று கொடுத்து ரசீது வாங்குவார்கள். அதாவது அந்த இரண்டு மாதம் ரிவால்வர் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடுப்பில் வித்தியாசம் கிடையாது. அண்ணாச்சி அன்று காலையில் பாக்குவெட்டியையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்து மதினியிடம் கொடுத்துவிட்டு, வெறும் உறையைக் கட்டிக்கொண்டு, சட்டைக்கு வெளியே நன்றாகத் தெரியும்படி வடசேரிச் சந்தைக்குப் போவார். யாராவது உறையைப் பார்ப்பார்கள். பொத்தான் திறந்து கிடக்கும். உள்ளே காற்று.

"என்ன அண்ணாச்சி, காலியாட்டு இருக்கு?"

"எலக்சன் நேரம்லா."

பொய் ஒரு சொல்லும் கிடையாது. தேர்தல் நேரம்தான். மீதியைக் கேட்டவரே கூட்டி முடித்துக்கொள்வார். காய்கறிக்காரி ஒருத்தி அன்று அவருக்குக் கத்தரிக்காயில் பேரம் பேசவில்லை என்று என்னிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறார்.

கன்னியாகுமரி மாவட்டம் இதில் அண்ணாச்சிக்குக் குறை வைக்கவில்லை. எம்.பி. வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் மறைந்ததால், 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலோடு மக்களவை இடைத்தேர்தலும் வந்தது. 2024இல் மக்களவைத் தேர்தலோடு விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தல். ஒவ்வொரு தடவையும் இரட்டைத் தேர்தல், இரட்டைக் கெடுபிடி. 2024இல் ஏப்ரல் 19ஆம் தேதியே எங்களுக்கு வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. எண்ணிக்கையோ ஜூன் 4ஆம் தேதி. வட இந்தியாவில் கட்டம் கட்டமாக நடக்க நடக்க, நன்னடத்தை விதி இங்கேயும் நீண்டுகொண்டே போனது. மற்றவர்களெல்லாம் வியாபாரம் படுத்துவிட்டது, கையில் பணம் கொண்டுபோக முடியவில்லை என்று தேர்தல் ஆணையத்தைத் திட்டினார்கள். அண்ணாச்சி ஒருவர்தான் ஏழு கட்டமும் ஜனநாயகத்துக்கு அவசியம் என்று வாதாடினார்.

முடிவு வந்து விதி விலகியதும் துப்பாக்கிகள் உடையவர்களிடம் திரும்பின. அண்ணாச்சியின் உறைக்குப் பாக்குவெட்டி திரும்பியது. சாயாக்கடையில் ஒரு இளவட்டம், விஷமத்துக்கென்றே, "தோக்க ஸ்டேஷன்லேருந்து எடுத்தாச்சா பெரியப்பா?" என்று கேட்டான். கடையில் சத்தமே இல்லை. வடை போடுகிறவன்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டான். அண்ணாச்சி ஒரு வாய் சாயா குடித்தார். வாசலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியாக விசாரித்தார்.

"உள்ளாட்சித் தேர்தல் எப்பம் வே வரும்? அதுக்கும் தோக்கு ஒப்படைக்கணும்லா?"